நண்பர் வீட்டில் மூன்று மாதம்: கிளிஃபி கரையிலிருந்து வேலை

கென்யக் கடற்கரையில், மொம்பாசாவுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது கிளிஃபி. அங்கே குடியிருக்கும் நண்பர்கள் "மூன்று மாதம் வந்து தங்குங்கள், இங்கிருந்தே வேலையும் பாருங்கள்" என்று மனதாரத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் கணவன் மனைவி இருவரும் மடிக்கணினியோடு போய் இறங்கினால், அந்த வீட்டில் இரண்டு பேர் கூடுவதோடு இரண்டு அலுவலகமும் கூடிவிடுகிறது. கரண்ட், தண்ணீர், இணையம், சமையல் நேரம் எல்லாமே மாறும். பத்து நாள் விருந்தாளிக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. மூன்று மாதம் இருக்கப் போகிறவர்கள், அந்த வீடு எப்படி ஓடுகிறது என்று முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காகித வேலையை முதலில் முடித்துவிடலாம். 2024 ஜனவரியிலிருந்து கென்யாவில் விசாவுக்குப் பதில் இணையவழிப் பயண அனுமதி நடைமுறையில் இருக்கிறது. 90 நாள் வரை தங்கலாம். தங்குமிட ஆதாரமாக நண்பரின் அழைப்புக் கடிதத்தை இணைக்க வேண்டும். இது வேலைக்கான அனுமதி ஆகாது. வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கென்று தனியாக 'என்' (N) வகுப்பு அனுமதி இருக்கிறது; அது தேவையா என்று குடிவரவுத் துறையிடம் கேட்டுவிட்டே டிக்கெட் போடுங்கள். உங்கள் நிறுவனத்தின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கென்யாவில் காட்டுவதற்கு என்று நினைத்துப் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். இந்தியாவுக்குத் திரும்பும்போதுதான் அதைக் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும்.

நேரக் கணக்கு இந்தியாவில் வேலை பார்ப்பவர்களுக்கு வரப்பிரசாதம். கிளிஃபி இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. சென்னையில் காலை 9.30 என்றால் அங்கே 7. சென்னை அலுவலகம் 6.30க்கு முடியும்போது அங்கே மாலை 4. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வருடம் முழுக்கச் சூரியன் மாலை ஆறே கால், ஆறரைக்குத்தான் மறையும். ஆக, தினமும் இரண்டு மணி நேர வெளிச்சம் கையில் மிஞ்சும். பிளம்பரையோ ஆட்டோக்காரரையோ வரச்சொல்லும்போது மட்டும் கவனம் வேண்டும். சுவாஹிலியில் காலை ஏழு மணிதான் ஒரு மணி. அவர் நான்கு மணி என்றால் அது காலை பத்து. நேரத்தை 'காலை' என்று சேர்த்து, விரலிலும் காட்டி உறுதிசெய்து கொள்வது நல்லது.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் முன்பணம் கட்டும் மீட்டர்தான். எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில் பணம் கட்டினால் 20 இலக்க டோக்கன் எண் குறுஞ்செய்தியாக வரும். அதை மீட்டர் பொத்தானில் அழுத்த வேண்டும். யூனிட் தீர்ந்தால் நடு ராத்திரியானாலும் கரண்ட் போய்விடும். டோக்கன் செலவைப் பாதியாகப் பிரித்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிட்டது என்று தோன்றும். சரியாகாது. வீட்டு இணைப்புக்கு மாதம் 30 யூனிட், 100 யூனிட் என்று கட்டணப் படிகள் இருக்கின்றன. கடந்த மூன்று மாதச் சராசரியை வைத்துத்தான் எந்தப் படி என்று முடிவாகிறது. ஒரு டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். வேலை நேரத்தில் ஆறு மணி நேரம் ஓடினால், 22 வேலை நாளில் அது மட்டுமே 130 யூனிட்டைத் தாண்டும். நண்பர்கள் அதுவரை நடுப்படியில் இருந்திருந்தால் மேல்படிக்குப் போய்விடுவார்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் ஓரிரு மாதங்களுக்கு ஒவ்வொரு யூனிட்டுக்கும் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால் மின்விசிறியோடு வேலை பார்க்கப் பழகுங்கள். இரவு பகலாக ஓடினாலும் ஒரு விசிறிக்கு இரண்டு யூனிட்டுக்குள்தான் ஆகும். ஏசி இல்லாமல் முடியாது என்றால், கிளம்பும்போது அடுத்த இரண்டு மாத டோக்கனுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு வருவதுதான் நியாயம்.

சுவரில் இருப்பது மூன்று செவ்வக முள் கொண்ட பிரிட்டிஷ் வகைச் சாக்கெட். நம் பிளக் பொருந்தாது. மின்னழுத்தம் 240 வோல்ட், அதில் சிக்கலில்லை. கரண்ட் போய் வரும்போது அழுத்தம் துள்ளுவதால் சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அவசியம். கரண்ட் போனால் மடிக்கணினி பேட்டரியில் ஓடும், ஆனால் ரவுட்டர் நின்றுவிடும். ஊரிலிருந்தே 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று கொண்டு போங்கள். விருந்தாளி கொண்டு வரும் பரிசுகளில் அதைவிடப் பயனுள்ளது வேறில்லை. ஃபைபரும் ரவுட்டரும் தனித்தனிப் பெட்டி என்றால் இரண்டுக்கும் மின்சாரம் கொடுக்கும் வகையாகப் பாருங்கள். கூடவே பாஸ்போர்ட் காட்டி ஒரு சிம் வாங்கி, எம்-பெசாவையும் அதிலேயே பதிந்துகொள்ளுங்கள். கீரைக்காரர் வரை அதில்தான் பணம் வாங்குகிறார்கள். ஆனால் ஃபைபர், சிம் என இரண்டு வழி இருந்தும் கைவிடும் நாள் உண்டு. 2024 மே 12 அன்று ஈஸி, சீகாம் என்ற இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க இணையம் தடுமாறியது. அப்படிப்பட்ட நாளுக்கென்று கோப்புகளைக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு செய்யும் வேலை கொஞ்சம் கைவசம் இருக்கட்டும்.

தென்னங்கீற்று வேய்ந்த மக்குட்டி கூரை வீடுகளில் அறைச் சுவர் பல இடங்களில் கூரைவரை எட்டாது. காற்றோட்டத்துக்கு அருமை; ஆனால் ஓர் அறையில் பேசினால் வீடு முழுக்கக் கேட்கும். இருவரும் வீட்டின் இரு கோடிகளில் உட்காருங்கள், மைக் உள்ள ஹெட்செட் போடுங்கள், குழந்தைகள் தூங்கும் நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள்.

கடல் உப்பு மெதுவாக வேலை செய்யும். மடிக்கணினியின் யூ.எஸ்.பி-சி துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், சில வாரங்களில் முனைகளின் ஓரத்தில் பச்சைப் படிவு தெரியும். சார்ஜ் ஏறுவது விட்டு விட்டு நிற்பது பெரும்பாலும் இதனால்தான். அணைத்து வைத்து, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷ்ஷை நனைத்துத் துடைத்து, முழுக்க உலர்ந்த பின் இயக்க வேண்டும். மேசையைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே போடும் ஆசையை விட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் கணினி, கேமரா, ஹார்ட் டிஸ்க் எல்லாம் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவுக்குள் போக வேண்டும். பெல்ட், தோல் பையின் உட்புறத்தில் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை நிழலில் காயவைத்தால் போதும்.

தண்ணீர் பெரும்பாலும் போர் தண்ணீர், உப்புக் கரிக்கும். குளிக்கலாம், குடிக்க முடியாது. ஹீட்டர் கம்பியில் உப்பு படிந்து எரிந்துபோகும். குடிக்க 20 லிட்டர் கேன். நல்ல தண்ணீரை 10,000 லிட்டர் லாரியில் வாங்கி நிரப்பும் வீடுகளில், ஆள் கூடினால் அடுத்த லாரி சீக்கிரம் வந்தாக வேண்டும். அந்தச் செலவை நண்பர் கேட்க மாட்டார். நீங்களாகவே ஒரு லாரிக்குச் சொல்லிப் பணம் கட்டிவிடுங்கள்.

சமையலறை நமக்கு அந்நியமாக இருக்காது. தேங்காய் துருவ மரப்பலகையில் பல் வைத்த துருவி, தேங்காய்ப்பாலில் வெந்த துவரை, கூடவே ஏலக்காய் மணக்கும் மகம்ரி என்ற பொரித்த ரொட்டி. ங்குரு என்று கேட்டால் வஞ்சிரம் கிடைக்கும். உளுந்து மொம்பாசாவின் இந்தியக் கடைகளில் இருக்கிறது. அந்தச் சூட்டில் மாவு சீக்கிரம் புளித்துவிடும், இரவு முழுக்க வெளியில் வைக்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் சமையல் உங்கள் பொறுப்பு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

மாலை கடலுக்குப் போகும் முன் ஏற்ற வற்ற அட்டவணையைப் பாருங்கள். சென்னையில் ஒரு மீட்டர் அளவுக்கே ஏறி இறங்கும் கடல், இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வற்றும்போது பவளத்திட்டுவரை நடக்கலாம். ஏறத் தொடங்கினால் திரும்பும் வழி மூழ்கிவிடும். கடல் முள்ளெலிகள் கிடப்பதால் ரப்பர் செருப்பு கட்டாயம். டிசம்பர் முதல் மார்ச் வரை வீசும் கஸ்காசி காற்றில் கடல் பெரும்பாலும் அமைதி, வெயில் அதிகம். ஏப்ரல், மே பெருமழை. பிறகு குசி காற்றில் அலையும் கடற்பாசியும் கூடும், ஆனால் வேலை பார்க்க இதமான மாதங்கள் அவைதான்.

கொசு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரவில் மலேரியாக் கொசு, பகலில் மேசைக்கடியில் கணுக்காலைத் தேடி வரும் டெங்குக் கொசு. காலுக்கு டீட் கலந்த கொசு விரட்டியைத் தடவிக்கொண்டு உட்காருங்கள், இரவில் வலைக்குள் படுங்கள். மருத்துவர் டாக்சிசைக்ளின் கொடுத்தால் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். திரும்பி வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் கண்டால், அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் தங்கியிருந்ததை, மருத்துவர் கேட்காவிட்டாலும் முதலில் சொல்லுங்கள்.