ஃபுருகாவாவில் மூன்று கோயில் இரவு

ஜனவரி 13
ஜப்பானின் தகயாமாவைத் தாண்டி ரயிலில் கால் மணி நேரத்தில் ஹிடா-ஃபுருகாவா. ஊரெல்லாம் பனி. செட்டோ வாய்க்காலில் மீன் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் சுத்தமாகட்டும் என்று 1968-ல் ஊரார் விட்ட கெண்டைகளின் வம்சம் குளிர்காலத்தைக் குளத்தில் கழிக்கிறது. வாசலில் அள்ளும் பனியை வாய்க்காலில்தான் தள்ளுகிறார்கள்.

வீடுகளின் இறவாணத்தைத் தாங்கும் மரத்துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வெள்ளை பூசிய அந்தச் செதுக்கலுக்கு ‘குமோ’ என்று பெயர். மேகம் என்று அர்த்தம். ஒவ்வொரு தச்சருக்கும் தனி வடிவம், அதுவே அவர் கையெழுத்து.

ஜனவரி 14
கையால் மெழுகுவர்த்தி செய்யும் கடையில் வெகுநேரம் நின்றேன். வாஷி என்ற ஜப்பானியக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, அதன்மேல் கோரைத் தண்டின் உள்ளிருக்கும் வெள்ளைப் பஞ்சைச் சுற்றினால் திரி. ஹஸே மரத்துக் காய்களின் மெழுகை உள்ளங்கையால் தடவித் தடவி ஏற்றுகிறார்கள். வெட்டிய முனையில் மரத்தைப் போல வளையம் வளையமாகத் தெரிந்தது. திரி உள்ளே பொள்ளல், காற்று மேலேறும். அதனால் மூடிய அறையிலும் சுடர் ஆடுகிறது. வெள்ளை ஒன்று வாங்கினேன்.

ஜனவரி 15
இன்றுதான் சான்தெரா மாயிரி, மூன்று கோயில் வழிபாடு. 1263-ல் மறைந்த பௌத்தத் துறவி ஷின்ரானை நினைத்து என்கோஜி, ஷின்ஷூஜி, ஹோன்கோஜி ஆகிய மூன்று கோயில்களுக்கும் நடப்பது, 200 ஆண்டுகளுக்கும் மேலான வழக்கம். தெருவில் ஆள் உயரத்துக்கும் மேலே பனியால் செய்த மெழுகுவர்த்திகள் நிற்கின்றன, உள்ளே தீ.

ஒரு காலத்தில் இவ்வூர்ப் பெண்கள் 1,672 மீட்டர் உயர நோமுகி கணவாயை நடந்தே கடந்து ஷின்ஷூவின் (இன்றைய நாகானோ) பட்டு ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். புத்தாண்டுக்குத் திரும்பியவர்கள் இந்த இரவில் நல்ல கிமோனோ உடுத்தி இதே வாய்க்கால் கரையில் நடந்தார்கள். பையன்கள் பார்த்தார்கள், கல்யாணங்கள் கூடின. வருஷம் முழுக்க வெந்நீரில் கூட்டைப் பிரித்த விரல்களுக்கு இந்த ஒரு இரவு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்! அதை நினைத்ததும் தொண்டை அடைத்தது.

வேண்டிக்கொள்பவர்கள் வெள்ளை ஏற்றுகிறார்கள். பலித்தால் அடுத்த வருஷம் வந்து சிவப்பு. அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக என் வெள்ளையைக் கரையில் வைத்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி சிவப்பை ஏற்றிவிட்டு, அது நின்று எரியும்வரை கையால் மறைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார்.

ஜனவரி 16
காலையில் கரைப் பனியில் சிவப்பும் வெள்ளையுமாக மெழுகுச் சொட்டுகள். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “நேர்ந்துக்கிட்டா சரி. அடுத்த வருஷம் போய் சிவப்பு ஏத்திட்டு வந்துரு” என்றார்.