கடைசிப் பதிவு இருமுறை வந்த கதை

எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகளுக்கான எடைமேடைக் கருவிகளைத் திருவொற்றியூரில் உள்ள எங்கள் சிறிய அலுவலகம் பராமரிக்கிறது. கருவிக்குள் ஓடுவது லினக்ஸ். அண்மை எடைப் பதிவுகளை அதன் டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) ஒரு ப்ராக் கோப்பின் (வட்டில் இல்லாமல், படிக்கும்போதே உருவாகும் கோப்பு) வழியாக வரிவரியாகத் தரும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை 4.14-இலிருந்து 4.19-க்கு மாற்றிய பின், எடைச்சீட்டு மென்பொருள் மறுபடி தொடங்கும்போதெல்லாம் கடைசி லாரியின் பதிவு அரைகுறையாக ஒருமுறையும் முழுதாக இன்னொருமுறையும் வரத் தொடங்கியது.

"அண்ணா, கேட் கமாண்ட் போட்டா எல்லாம் சரியாத்தான் வருது" என்றார் உடன் பணிபுரியும் தம்பி. நல்ல தடயம் அது: கேட் (cat) என்பது கோப்பைத் தொடக்கத்திலிருந்து நேராகப் படித்துக் காட்டும் கட்டளை.

இத்தகைய கோப்புகளுக்கு ஸ்டார்ட் (தொடங்க), நெக்ஸ்ட் (அடுத்த பதிவுக்கு நகர), ஷோ (பதிவைக் காட்ட), ஸ்டாப் (நிறுத்த) என்னும் நான்கு ஃபங்ஷன்களை டிரைவர் தந்தால் போதும். பஃபர் (தற்காலிக நினைவிடம்) கணக்கைக் கெர்னலின் சீக்-ஃபைல் என்னும் பகுதி பார்த்துக்கொள்ளும். முன்பெல்லாம் பதிவின் வரிசை எண்ணைச் சில நேரம் நெக்ஸ்ட் கூட்டும், சில நேரம் சீக்-ஃபைலே கூட்டிவிடும். அதனால் ஸ்டார்ட்டுக்கு வரும் எண் சென்றமுறை கொடுத்ததா, அதற்கு அடுத்ததா என்று டிரைவர்தான் பிரித்தறிய வேண்டியிருந்தது. 2018-இல் கெர்னல் நிரலாளர் நீல் பிரவுன் எழுதி 4.19-இல் சேர்ந்த பேட்ச் (திருத்தம்), கூட்டும் வேலையை நெக்ஸ்ட்டிடமே விட்டது. பூஜ்யமல்லாத எண் வந்தால் ஸ்டார்ட் விட்ட இடத்தையே திருப்பித் தரலாம்.

எங்கள் டிரைவரின் நெக்ஸ்ட்டோ, பட்டியல் முடிந்ததும் எண்ணைக் கூட்டாமலே நல் (NULL, அதாவது 'இனி எதுவும் இல்லை') என்று திரும்பிவிடும். நேராகப் படிக்கும்போது எண் நகராததைக் கண்டு சீக்-ஃபைலே கூட்டிக்கொள்கிறது. எல்சீக் (படிக்கும் இடத்தை நகர்த்தும் அழைப்பு) செய்து இடையில் நுழையும் பாதையில் அந்தக் காப்பு இல்லை. எங்கள் மென்பொருள் படித்து நிறுத்திய இடமாக நினைவில் வைத்திருந்த பைட்டு கடைசி வரியின் நடுவில் விழுந்தால், மீதி வரி வரும். அடுத்த ரீடில் ஸ்டார்ட் அதே பதிவை முழுதாகத் தரும்.

இரட்டைப் பதிவை மென்பொருளிலேயே வடிகட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஒரே லாரி காலியாகவும் பாரத்தோடும் ஏறி இறங்கும் தொழிலில் அதற்கு நான் இசையவில்லை. எண்ணைக் கூட்டும் வரியை நெக்ஸ்ட்டின் தொடக்கத்துக்கு நகர்த்தினோம், அவ்வளவுதான். 2020-இல் கெர்னலுக்குள்ளேயே ப்ராக்கின் ஸ்வாப்ஸ் உட்படப் பல கோப்புகளுக்கு இதே திருத்தம் தேவைப்பட்டது; 5.7 முதல் இப்படிப்பட்ட நெக்ஸ்ட்டின் பெயரைக் கெர்னல் லாகிலேயே எழுதிவிடுகிறது. எங்கள் மற்ற டிரைவர்களையும் அன்றே திறந்து பார்த்தோம். அவற்றுள் இன்னொரு டிரைவரிலும் அந்த வரி தவறான இடத்தில்தான் இருந்தது.