நடு இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்

அலுவலகத்தில் பயண ஏற்பாடுகளைக் கவனிப்பது என் வேலை. லண்டனுக்கு பிசினஸ் கிளாஸ் டிக்கெட் என்றதும் எல்லோரும் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, எந்த ரக விமானம் என்பதை.

ஒரே விமான நிறுவனத்துக்குள்ளேயே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. எமிரேட்ஸின் ஏ380 ரக விமானத்தில், பிசினஸ் கிளாஸில் வரிசைக்கு நான்கே பேர். எல்லோருக்கும் நடைபாதை கிடைக்கும். அதே எமிரேட்ஸின் புதுப்பிக்கப்படாத 777 ரக விமானத்தில் 2-3-2, அதாவது வரிசைக்கு ஏழு பேர். அத்தனை பணம் கொடுத்தும் ஒருவர் இருவருக்கு நடுவே! பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2019-இல் கொண்டுவந்த ‘கிளப் சூட்’ என்ற பிசினஸ் கிளாஸ் இருக்கையில் கதவு உண்டு. அதன் பழைய இருக்கையிலோ, சன்னலோரம் இருப்பவர் பெரும்பாலும் பக்கத்தில் தூங்குபவரின் கால்களைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். கத்தார் ஏர்வேஸின் ‘கியூசூட்’ இருக்கை அருமையானது, ஆனால் தோஹாவில் விமானம் மாறும்போது தூக்கம் இரண்டாக உடைந்துவிடும். இறங்கிய அன்றே கூட்டத்தில் பேச வேண்டியவருக்கு நேரடி விமானத்தையே எடுப்பேன்.

போன மாதம், முதுகுவலியால் அவதிப்படும் மூத்த பொறியாளர் ஒருவருக்குக் கதவுள்ள இருக்கையாகத் தேடி எடுத்தேன். கடைசி நாளில் விமான நிறுவனம் விமான ரகத்தையே மாற்றிவிட்டது; அந்த இருக்கை போயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. இப்போதெல்லாம் பயணத்துக்கு முந்தைய நாளும் இருக்கை வரைபடத்தை மறுபடி திறந்து பார்க்கிறேன்.