நாய்க்குட்டி வந்து 19ஆம் நாள்: கடுவன் பூனை தடுப்பு தாண்டி வந்தது

இன்று காலை 11 வயதுக் கடுவன் பூனை அறை வாசலில் அடித்த தடுப்பின் ஓட்டை வழியாகத் தானாகவே புது நாய்க்குட்டியின் அறைக்குள் இறங்கி, ஒரு சுற்று மணந்து பார்த்துவிட்டு வந்த வழியே ஏறிப் போனது. சீறவில்லை, வால் மயிர் சிலிர்க்கவில்லை. குட்டி 4 அடிக் கயிற்றில் மூலையில் படுத்திருந்தது. இலங்கையின் கிழக்கில் கல்முனைக் கரையோர வீடு. இந்தப் பூனையோடு 9 வயது நாட்டு நாயும் உண்டு. குட்டி வரும்போது அதற்கு 8 வாரம்.

முதல் 14 நாளும் தனி அறை, தனிக் கோப்பை, தனித் துணி. குட்டி வளர்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. பார்வோ என்னும் நாய்க் குடல் நோய்க் கிருமி உடம்பில் 14 நாள் வரைகூடப் பதுங்கியிருக்கும் என்பதால் ஒரு நாளும் குறைக்கவில்லை. தரைக்கு 30 பங்கு தண்ணீரில் 1 பங்கு பிளீச், 10 நிமிடம் ஈரமாகவே கிடக்க வேண்டும். அழுக்கைச் சவர்க்காரத்தால் கழுவாமல் மேலே ஊற்றினால் பிளீச் வேலை செய்யாது. பூனை நடக்கும் இடத்தில் பினைல் வேண்டவே வேண்டாம். பாதத்தில் ஒட்டியதை அது நக்கிவிடும். பூனையின் ஈரலால் அந்த நஞ்சை முறிக்க முடியாது.

நேரம் முழுவதையும் தின்றது தடுப்புத்தான்.

14ஆம் நாள் மாலை வாசலில் பழைய மீன் வலையைக் கட்டி, அன்றே கழற்ற வேண்டியதாயிற்று. இந்தக் கரையில் வலை சும்மா கிடைக்கிறது என்பதற்காகக் கட்டாதீர்கள். குட்டியின் பால்பல் வலைக்கண்ணில் மாட்டும், திமிறினால் கழுத்தில் சுற்றும். பூனையின் நகமும் சிக்கும். சிக்கித் தவித்த பூனை அந்தப் பயத்தைக் குட்டியின் மணத்தோடு சேர்த்தே நினைவில் வைக்கும். அதன் பிறகு பழக்குவது இரண்டு மடங்கு வேலை.

15ஆம் நாள் ரீப்பை (மெல்லிய மரக்கட்டை) அடித்த சட்டத்தில் 1 அங்குலக் கண் கம்பி வலை அடித்தோம். உயரம் 3 அடி, தரையிலிருந்து இடைவெளி 1½ அங்குலம். 2 அங்குலக் கண் என்றால் குட்டியின் மூஞ்சி உள்ளே போகும், தாடை தடுத்துத் திரும்பி வராது. வலை வாங்கும்போது பற்றவைத்த மூட்டுகளைப் பாருங்கள். மூட்டின் மேலும் துத்தநாகப் பூச்சு மூடியிருந்தால் நல்லது. மூட்டு மட்டும் கறுத்தோ பழுப்பாகவோ இருந்தால் பூசிய பிறகு பற்றவைத்தது; கடற்காற்றில் முதலில் துருப்பிடிப்பது அந்த இடம்தான். கடையில் முழு உருளையைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அடிக்கணக்கில் வெட்டித் தரக் கேளுங்கள். வெட்டிய முனைகளை மடித்து, மேலே இன்னொரு ரீப்பையால் மூடி ஆணி அடிக்க வேண்டும்.

பூனையின் ஓட்டை 6க்கு 6 அங்குலம், அடிவிளிம்பு தரையிலிருந்து 20 அங்குலம். இளம் பூனை ஒரே தாவலில் ஏறும். 11 வயதுப் பூனைக்கு மூட்டு இறுக்கம், ஏறப் படி வேண்டும். படி வைத்தால் குட்டியும் ஏறும். 16ஆம் நாள் 8 அங்குல அகலப் பலகையைச் சாய்த்து வைத்ததும் குட்டி அரை மணி நேரத்துக்குள் ஓட்டையில் தலையை விட்டுவிட்டது. பலகையைக் குறுக்கினாலும் இரண்டு வாரத்தில் அது பழகிவிடும்.

17ஆம் நாள் பலகைக்குப் பதில் 4 அங்குல விட்டமுள்ள உருண்டைக் கட்டையில் தும்புக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, செங்குத்தான சரிவாகச் சாய்த்து, மேலும் கீழும் அசையாமல் திருகாணி போட்டோம். பூனை நகத்தை நீட்டிப் பற்றி ஏறும். நாயின் நகத்துக்கு அந்தப் பிடி இல்லை, உருண்டையில் கால் வழுக்கும். நைலோன் கயிறு சரிவராது, பூனைக்கும் வழுக்கும். கட்டை சிறிது ஆடினாலும் வயதான பூனை மறுபடி அதில் கால் வைக்காது.

தடுப்பின் அடியிலிருந்து 24 அங்குல உயரத்துக்குச் சாக்கைக் கட்டி மறைத்தோம். தினமும் மேல்விளிம்பை 4 அங்குலம் இறக்குகிறோம், இன்னும் 8 அங்குலம் மீதி. பூனை உயரத்தில் இருந்து குட்டியைப் பார்க்கலாம், குட்டி பூனையை உற்றுப் பார்க்க முடியாது. முதலில் பார்ப்பது பூனையாக இருக்க வேண்டும்.

ஒன்றின் மணத்தை மற்றதற்குப் பழக்கும் துணிக்கு மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் பழைய துண்டு நல்லது. பூனையின் கன்னத்தில் தேய்த்துக் குட்டியின் படுக்கையில் போட வேண்டும், குட்டியில் தேய்த்ததைப் பூனையின் சாப்பாட்டுக் கோப்பைக்கு 3 அடி தள்ளி. பூனை சாப்பிடாமல் நின்றால் துணியை இன்னும் தள்ளுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மிருக வைத்தியரிடம் போக வேண்டும், பட்டினியில் பூனையின் ஈரலில் கொழுப்பு ஏறும். கடுவன் மூத்திரம் போக முக்கி முக்கி வராமல் நின்றால் அன்றே, அந்த மணியே.

நாட்டு நாய் உறுமுவதற்கு யாரும் அதட்டக் கூடாது. உறுமல் குட்டிக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. அதை அடக்கிப் பழக்கினால் அடுத்தது எச்சரிக்கையில்லாத கடி. உடம்பு விறைத்து, மூச்சடக்கி, கண்ணின் வெள்ளை தெரிந்தால் மட்டும் குட்டியைத் தூக்கி விலக்குங்கள். கிழ நாயின் இடுப்பில் குட்டி பாய்வதுதான் பெரும்பாலும் சண்டைக்குக் காரணம். அதன் சாக்குக் கட்டிலை விறாந்தைக்கு மாற்றியதும் உறுமல் பாதியாகக் குறைந்தது.

கச்சான் (தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று) தொடங்கினால் உண்ணி பெருகும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் வாங்க வேண்டாம். நாயின் மேல் ஈரமாக இருப்பது பூனையில் பட்டால் வலிப்பு வந்து செத்துப்போகும். புட்டியில் உட்பொருளைப் படித்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

குட்டிக்கு 12 வாரத்தில் இரண்டாம் தடுப்பூசி. ஊசிகள் எல்லாம் முடியும் வரை தெருநாய் நடக்கும் மணலில் அதை இறக்குவதில்லை. சாக்கு நாளை 4 அங்குலத்துக்கு இறங்கும், குட்டியின் கயிற்றை அவிழ்ப்பது அதற்குப் பிறகுதான்.