நெட்டையின் மீசை

அறிவியல் சார் போய்விட்டார் என்று நம் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது மெல்போர்னில் நடுராத்திரி. ஆளாளுக்கு அவருடைய ஸ்கேலடியை எழுதினார்கள். எனக்குக் கண்ணில் நின்றது கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த பென்சில் கோடுகள்.

ஜூனிலும் மார்ச்சிலும் நிறுத்தி உயரம் குறிப்பாரே, அதுதான். ஒன்பதாவதில் என் கோடு இரண்டும் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று. நெட்டையின் கோடு சாரின் காதைத் தொட்டது. மீசை வேறு. "பெண் பிள்ளைங்க 12 வயசு வாக்கில் சரசரன்னு வளரும், பசங்களுக்கு 14 ஆகும். அதிலும் ஆளுக்கு ஆள் முன்னே பின்னே இருக்கும்" என்பார். பாடம் நடத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நாக்குதான் பொல்லாதது.

நியாய உணர்வு படிப்படியாக வளர்கிறது என்று சொன்ன உளவியலாளர் கோல்பெர்க். பி.எட்.டில் படித்த அவருடைய கதையை ஒரு நாள் சார் நம் ஏரியா கல்மண்டபத்துக்கே கொண்டுவந்துவிட்டார். மனைவி சாகக் கிடக்கிறாள். மருந்துக்காரன் அடக்க விலையைப் போலப் பத்து மடங்கு கேட்கிறான். கடன் வாங்கியும் பாதிதான் தேறுகிறது. கணவன் திருடலாமா?

"வேணாம் சார், மாட்டினா போலீஸ் அடிக்கும்" என்றேன் நான்.

"எடுத்துடணும் சார். அவ பொழச்சதும் நானே ஸ்டேஷனுக்குப் போயிடுவேன்" என்றான் நெட்டை.

சார் என்னைச் சுவரோரம் நிறுத்தினார். "உயரம்தான் ஏறலைன்னு நினைச்சேன். நியாயமும் முதல் படியிலேயே நிக்குது." பள்ளியை விட்டுப் போகும்வரை என் பெயர் முதல்படி. நீங்களும் கூப்பிட்டவர்கள்தானே!

இங்கே ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது கோல்பெர்க்கை முழுதாகப் படித்தேன். அவருடைய 1958ஆம் ஆண்டு ஆய்வில் 10 முதல் 16 வயது வரையிலான 72 பேர். எல்லோரும் பையன்கள், நம் பள்ளி மாதிரியே. பெண்களை விட்டுவிட்டு என்ன அளவுகோல் என்று உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982இல் பிடித்துக்கொண்டார். திருடலாமா கூடாதா என்பதற்கு அதில் மார்க் இல்லை, சொல்லும் காரணத்துக்குத்தான். அடிக்குப் பயப்படுவது முதல் நிலை. ஆக, சார் போட்ட மார்க் சரி. அதை வகுப்புக்கே வாசித்துக் காட்டியிருக்க வேண்டாம்.

நெட்டையை யாரும் அப்படி அளக்கவில்லை. உடம்பு ஆளாகிவிட்டதால் ஆள் என்றே முடிவு கட்டி, பத்தாவது முடிந்ததும் காசிமேட்டில் விசைப்படகு ஏற்றிவிட்டார்கள். நிதானித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுசாக முதிர 25 வயதுகூட ஆகலாமாம். அவனுக்கு அந்த அவகாசத்தை யார் கொடுத்தார்கள்? என்னைச் சின்னப் பையன், சின்னப் பையன் என்று சொல்லியே படிக்க வைத்தார்கள். பிளஸ் டூவில் மளமளவென்று வளர்ந்தேன். அப்புறம் விசா வந்தது.

என் அம்மா படுத்த வருஷம் நெட்டை கரையில் இருந்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கையில் காசு புரளாத நாட்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்ததும், வெளியே எழுதிக்கொடுத்த ஊசியை வாங்கி வந்ததும் அவன்தான். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன்.

"அம்மாக்கு வாங்குனதுக்கு நீ இன்னாத்துக்குடா கணக்கு கேக்குற?"

சாரைக் கடைசிவரை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தவனும் அவன்தான். சாருக்குப் போடும் இந்த நினைவு மலருக்கு நீயே எழுது என்று போனில் கெஞ்சினேன்.

"எனுக்கு ஐஸ் ஏத்துற வேல கீது. நீயே எய்து. அப்படியே எம் மீசையப் பத்தியும் ரெண்டு வரி போடு."