மோரிஷ்

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் கவுன்சில் டாக்ஸ் என்கிற உள்ளாட்சி வரி, ஜிபி என்கிற குடும்ப மருத்துவரிடம் பதிவு எல்லாவற்றுக்கும் வழிகாட்ட ஆள் இருந்தது. சாப்பாட்டைப் பாராட்ட என்ன சொல்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. கையிருப்பில் டேஸ்டி, டெலிஷியஸ் இரண்டுதான்.

இங்கே அலுவலகத்தில் பிறந்தநாள்காரரே கேக் வாங்கி வந்து கிச்சனில் வைப்பார். தட்டைக் கடந்து போகிறவர் ஒரு துண்டு எடுப்பார், கெட்டிலைப் போடுவார், இன்னொரு துண்டு எடுப்பார். அப்போது, சாட்சிக்கு நிற்பவரிடம் சொல்கிற சொல்: "வெரி மோரிஷ்."

நம் காதுக்கு மோர் ஞாபகம் வரும். இவர்களே, ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களான மூர்களைக் குறிக்கும் 'மூரிஷ்' என்ற சொல்லோடு இதைச் சேர்த்துச் சிலேடை பண்ணுவார்கள். பலர் வாயில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். உண்மையில் 'இன்னும்' என்கிற 'மோர்' உடன் ஓர் 'இஷ்': இன்னும் வேண்டும் போலிருக்கிறது என்று பொருள். அந்த இஷ் எதோடும் ஒட்டிக்கொள்ளும். "செவனிஷ் வாங்க" என்றால் ஏழு மணி வாக்கில்.

டெலிஷியஸின் லத்தீன் வேர் மயக்கி இழுப்பதைச் சொல்கிறது. அதே 'ருசியான' என்று பொருள்படும் ஸ்க்ரம்ப்ஷியஸ் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் முதலில் 'நேர்த்தியான' என்ற பொருளில் புழங்கி, பிறகுதான் சாப்பாட்டுக்கு வந்தது. இரண்டும் பண்டத்தைப் புகழ்பவை. மோரிஷ் அப்படியில்லை, பழியைப் பண்டத்தின் மேல் போடும். நான் எடுக்கவில்லை, அது எடுக்க வைக்கிறது! பெரிய விருந்துக்கு இதை அதிகம் கேட்டதில்லை. உப்புக்கடலை, கிரிஸ்ப்ஸ் என்கிற உருளைக்கிழங்கு சிப்ஸ், ஷார்ட்பிரெட் என்கிற வெண்ணெய் பிஸ்கட் மாதிரி கொறிக்கிற சமாசாரங்களுக்குத்தான்.

விருந்தாளியாகப் போகும்போதுதான் இதன் அருமை தெரியும். நம் வீடுகளில் கேட்காமலே தட்டில் விழும். "போதும் போதும்" என்றால் இன்னொரு கரண்டி. இங்கே ஒரே தடவை கேட்பார்கள். மரியாதைக்கு "வேண்டாம்" என்றால் பாத்திரம் நகர்ந்துவிடும். "இன்னும் கொடுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்கவும் கூச்சம். அந்த இடத்துக்கு அளவெடுத்துத் தைத்த சொல் இது.

புதுசும் இல்லை. 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட நையாண்டி உரையாடல் நூலில், தேநீர் எப்படி என்று கேட்டால், ஒரு கர்னல் 'கொஞ்சம் மோரிஷ்' என்கிறார். தேயிலையைப் பெட்டியில் பூட்டி வைத்த காலம் அது. வீட்டுக்காரச் சீமாட்டிக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது. தேயிலை டப்பாவைக் கொண்டுவரச் சொல்கிறாள். நான் போன வீடுகளிலும் பெரும்பாலும் டப்பா வந்திருக்கிறது.