அறிக்கையின் கடைசி அத்தியாயம்

சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுதுவது என் வேலை. அணை, சாலை, சுரங்கம் என எந்தத் திட்டமானாலும் அறிக்கை ஒரே வரிசையில்தான் போகும். முதலில் நீர், பிறகு மண், காற்று, பல்லுயிர். இவற்றுக்கெல்லாம் எண்கள் உண்டு. கடைசியில், படிப்பவர் களைத்துப்போன நேரத்தில், 'சமூகமும் பண்பாடும்' வரும். புனிதக் காடு, ஊற்று, வழிபாட்டு இடம் எல்லாம் அதற்குள் அடைபட்டிருக்கும். அந்த அத்தியாயம் பெரும்பாலும் என் பொறுப்பு. அதைப் படிப்பவர்கள் குறைவு. படிப்பவர்களும் 'மக்களின் உணர்வு' என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள்.

இந்தப் பாகப்பிரிவினைமேல் எனக்கு நெடுநாள் மனக்குறை. புனிதமான இடம் என்று மக்கள் காட்டும் இடத்தில் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து பேசினால் விதிகள் வெளிவரும். யார் உள்ளே போகலாம், எந்த மாதம் போகக் கூடாது, எதை எடுக்கலாம், மீறினால் என்ன. எங்கள் அறிக்கையின் மற்ற அத்தியாயங்களில் இதற்கு 'மேலாண்மைத் திட்டம்' என்று பெயர்.

பாலித் தீவின் கதையை அலுவலகத்தில் அடிக்கடி இழுப்பேன். சகாக்களுக்கு அலுத்தே போயிருக்கும். அங்கே நெல் வயல்களுக்கான தண்ணீரை 'சுபாக்' என்னும் உழவர் அமைப்புகள் பங்கிட்டுக்கொள்கின்றன. எந்த சுபாக் எப்போது நடுவது, எப்போது வயலைத் தரிசாக விடுவது என்பதை நீர்க்கோயில்களில் கூடித் தீர்மானிப்பார்கள். 1970களில் பசுமைப் புரட்சி வந்தது. குறுகிய கால நெல்லை இடைவிடாமல் நடுங்கள் என்று அரசு ஊக்குவித்தது. கோயில் வகுத்த காலவரிசை குலைந்தது. தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது; புகையான் பூச்சியும் துங்ரோ என்னும் நெற்பயிர் வைரஸ் நோயும் வயல்களைத் தின்றன.

காரணம் எளிது. பக்கத்துப் பக்கத்து வயல்கள் எல்லாம் ஒன்றாக அறுவடையாகி ஒன்றாகத் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்கு உணவில்லை. அடுத்த நடவுக்குள் அதன் எண்ணிக்கை சரிந்துவிடும். ஆனால் ஆற்றுப் பாசனம் பெறும் வயல்கள் முழுவதிலும் ஒரே நாளில் நட்டால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் வேண்டும். அவ்வளவு தண்ணீர் ஆற்றில் இராது. பூச்சிக்காக ஒன்றுசேர வேண்டும், தண்ணீருக்காகப் பிரிய வேண்டும். எவ்வளவு பேர் ஒன்றுசேர்வது என்பதுதான் கேள்வி. மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் இதைக் கணினி மாதிரியில் போட்டுப் பார்த்து 1993இல் வெளியிட்டார்கள். நல்ல விளைச்சலுக்கான விடை, நீர்க்கோயில்களின் ஒருங்கிணைப்பை ஒட்டியே வந்தது. நவீனத் திட்டம் வகுத்தவர்களுக்கு மதச் சடங்காகத் தெரிந்தது, உண்மையில் மடை திறக்கும் அட்டவணை. 2012இல் சுபாக் அமைப்பு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதற்கும் பண்பாட்டுப் பிரிவில்தான் இடம் என்பதைக் கவனியுங்கள்.

புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்கள் ஏதாவது ஒரு கோடிக்கு வேகமாகப் போய்விடுவார்கள். எல்லாவற்றுக்கும் மதத்தைக் குற்றம் சொல்வார்கள், அல்லது பழைய மரபுகள் யாவும் இயற்கையைக் காத்தன என்பார்கள். 1967இல் வரலாற்றாசிரியர் லின் வைட், சூழல் நெருக்கடியின் வேர் மேற்கத்தியக் கிறித்தவத்தின் மனித மையப் பார்வையில் இருக்கிறது என்று எழுதினார். அதே கட்டுரையில் கத்தோலிக்கப் புனிதரான அசிசியின் பிரான்சிசைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக முன்மொழிந்தார். 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் அப்படியே அறிவித்தார். வைட்டின் வாதம் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. மறு ஆண்டே புவியியலாளர் யீ-ஃபூ துவான் சுட்டிக்காட்டியதுபோல, இயற்கையோடு இயைந்த வாழ்வைப் போற்றிய சீனத்திலும் காடுகள் பெருமளவில் அழிந்தன. போற்றுவது ஒன்று, விறகு வேண்டும்போது செய்வது வேறு.

பக்தி எங்கே நின்றுவிடுகிறது என்பதை வடக்கு எத்தியோப்பியாவில் பார்க்கலாம். சுற்றிலும் காடு போய் விளைநிலமாகிவிட்டது. பழமையான ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களைச் சுற்றி மட்டும் தீவுகள்போல மரங்கள் மிஞ்சியிருக்கின்றன. கோடரியை நம்பிக்கை தடுத்தது. மாடுகளுக்கு அது புரியவில்லை, இளம் மரக்கன்றுகளை மேய்ந்துவிட்டன. சூழலியலாளர்கள் அலெமயேஹு வாஸியும் மார்கரெட் லோமனும் குருமார்களோடு சேர்ந்து, வயல்களில் கிடந்த கற்களைப் பொறுக்கிக் காடுகளுக்கு மதில் கட்ட வைத்தார்கள். உழவருக்கும் கல் தொல்லை குறைந்தது. இதைவிட மலிவான பாதுகாப்புத் திட்டத்தை நான் எந்த அறிக்கையிலும் பரிந்துரைத்ததில்லை.

சட்டம் எங்களைவிடத் துணிச்சலாகப் போய்விட்ட இடமும் உண்டு. 2017இல் நியூசிலாந்து, வாங்கனூயி ஆற்றைச் சட்டப்படி நபராக ஏற்றது. மலை முதல் கடல் வரை, அதன் பருப்பொருள் கூறுகளும் பருப்பொருளுக்கு அப்பாற்பட்ட கூறுகளும் சேர்ந்தே ஆறு என்று சட்டம் சொல்கிறது. அதன் சார்பில் பேச இரண்டு பேர்: ஒருவரை அரசு முன்மொழியும், மற்றவரை அந்த ஆற்றின் மாவோரி மக்கள்.

அந்த வரையறையை எங்கள் படிவத்தில் எந்த அத்தியாயத்தில் வைப்பது என்று நீரியல் நிபுணரிடம் கேட்டேன். சிரித்தார். இப்போதெல்லாம் புனித ஊற்று, காடு பற்றிய பேட்டிகளுக்கு அவரையும் இழுத்துக்கொண்டு போகிறேன். கோடையில் ஊற்று எந்த வாரம் வற்றும், எந்தக் கல் வரை நீர் ஏறும் என்று பூசாரிகள் சொல்வதை அவர் தன் அத்தியாயத்திலேயே குறித்துக்கொள்கிறார். பேட்டியில் தெய்வத்தின் பெயர் வந்தால் மட்டும் இன்னும் என் பக்கம் திரும்பி, "இது உங்களுக்கு" என்கிறார்.